ஜமீலா அக்கா கேமராவை இணைத்த விதம்

போன மாதம் விஜயா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த கேபிள் டிவி அலுவலகத்தை இப்போது கவனித்துக்கொள்பவள் அவள்தான். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் அவளுடைய மாமனார் எந்தக் காலத்திலோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கேம்கார்டர், சுருட்டிய ஒயர்கள், ஒரு கறுப்பு அடாப்டர்.

"சார், ஆபீஸ்ல பழைய வீசிஆர் ஒண்ணு இன்னும் ஓடுது. இத அதுல நேரா சொருகி காப்பி எடுத்துடலாமா?"

"அடாப்டர முதல்ல கீழ வை," என்றேன். "ரெண்டுத்தோட பிளக்கையும் சுவத்துலருந்து உருவிட்டுத்தான் ஒயரத் தொடணும். நடு முள்ளு முதல்ல தொடும், வளையம் அப்புறந்தான் தொடும்."

"யாரு சார் சொல்லிக்குடுத்தது? ஒப்பிக்கிற மாதிரி சொல்றீங்க."

ஜமீலா அக்காவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறி, ஆடை படிந்துவிட்டது. "இத எழுதிடுங்க சார், நம்ம பசங்க படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதனால் எழுதுகிறேன்.

நான் தொண்டூர்க்காரன். பெயர் தரணேந்திரன். ஊரில் இருக்கும் பழைய சமணக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நைனாவுக்கு நெல்லும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையும்தான் உலகம். எனக்கு ரேடியோவின் பின்மூடியைக் கழற்றிப் பார்ப்பதில்தான் ஆசை. விழுப்புரத்தில் ரேடியோ ரிப்பேர் படித்தேன். அவலூர்பேட்டையில் ஒரு ரேடியோ கடையில் சில வருஷம் ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன். எண்பதுகளின் நடுவில், செஞ்சி கடைத்தெருவில் ஒரு வீடியோ கடைக்கு ரிப்பேர் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். அவ்வளவுதான் என் படிப்பும் பயிற்சியும்.

கடையில் முதலாளியைக் கேட்டேன். மேசைக்குப் பின்னால் தலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த பெண், "நாந்தான். உக்காருங்க" என்றார். என்னைவிட ஏதோ கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம். அவர் கணவர் சவுதியில் இருந்தார். வீசிஆர் என்கிற வீடியோ ரெக்கார்டரும் கேமராவும் அவர் அனுப்பியவை. கேமரா வந்த புதிதில் ஊரில் அதை இயக்கத் தெரிந்த ஆண்கள் ஓரிருவர் இருந்தார்களாம். ஆனால் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் இருக்கும் பக்கம் ஆண் எப்படிப் போவான்? "அதான் நானே கத்துக்கினேன்" என்றார். கேமராவோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்திருந்தார். கொஞ்ச நாளில் எல்லா வீட்டாரும் அவரைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மணப்பெண் பக்கத்தில் ஒரு பெண் கேமராவோடு நின்றால் யாரும் கூச்சப்படுவதில்லை.

என்னிடம் அவர் முதலில் கேட்ட கேள்வி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"கரண்ட்டுன்னா உங்களுக்கு பயம் இருக்குதா?"

"இல்லக்கா," என்றேன், வேலை கிடைக்கவேண்டுமே என்று.

"இருக்கணும் தரணி. எனக்கு இருக்குது. நாளைக்கு வாங்க."

அந்தக் கேமராவில் போடும் கேசட் சிறியது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வீட்டு ரெக்கார்டர்களில் போடும் கேசட் பெரியது. சின்னதை அதில் போட முடியாது. ஆகவே கேமராவையே ஓடவிட்டு, அதிலிருந்து வரும் படத்தையும் சத்தத்தையும் ஒயர் வழியாக ரெக்கார்டருக்கு அனுப்பி, பெரிய கேசட்டில் பதிவு செய்யவேண்டும். எங்கள் கடையின் பாதி வேலை இதுதான். கேட்பதற்கு ஒன்றுமில்லாத வேலை. இதைச் செய்யத் தெரியாமல் சுற்று வட்டாரத்தில் எத்தனையோ ரெக்கார்டர்கள் பாழாகி எங்கள் மேசைக்கு வந்தன.

காரணம் அந்த அடாப்டர். இரண்டு முள் பிளக். நிலத்தோடு இணைக்கும் மூன்றாவது முள் கிடையாது. உள்ளே கொஞ்சம் பழசாகிவிட்டால், கேமராவின் உலோகப் பாகங்களில் மெல்லிசாகக் கரண்ட் கசிந்து நிற்கும். தொட்டால் எறும்பு ஊர்வது போல இருக்கும். ஆளைக் கொல்லாது. ஆனால் ஒயரின் நுனியைப் பார்த்தால், நடுவில் ஒரு முள், அதைச் சுற்றி ஒரு வளையம். சொருகும்போது முள் முதலில் போய்த் தொடும். வளையம் ஒரு கணம் கழித்துத்தான் தொடும். அந்த ஒரு கணத்தில், தேங்கி நின்ற கரண்ட் அத்தனையும் முள் வழியாக ரெக்கார்டருக்குள் பாயும். உள்ளே இருக்கும் நுணுக்கமான பாகங்கள் அதைத் தாங்காது. அதற்குப் பிறகு படம் வராது.

ஜமீலா அக்கா இணைக்கும் விதத்தைப் பார்க்கவேண்டும். முதலில் மோதிரத்தையும் தங்க வளையலையும் கழற்றி மேசை இழுப்பறையில் வைப்பார். கண்ணாடி வளையல்கள் இருக்கும். காலில் ரப்பர் செருப்பு, கீழே மரப்பலகை. இரண்டு கருவிகளின் பிளக்கையும் உருவி, யார் கண்ணுக்கும் தெரியும்படி மேசைமேல் வைப்பார். கேசட்டின் ஓரத்தில் அழியாமல் காக்கும் சின்னத் தாழை நகர்த்துவார். அதற்குப் பிறகுதான் ஒயர். அந்த நேரத்தில் அவருடைய இடது கை முதுகுக்குப் பின்னால் போய்விடும். வலது கையால் மட்டுமே சொருகுவார். இரண்டு கையால் இரண்டு கருவியைத் தொட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும் என்பார். பிளக்கெல்லாம் உருவிக் கிடக்கும்போதும் அப்படித்தான். "பழக்கம் தரணி. உருவ மறந்த நாளிலயும் கை தானா பின்னால போவணும்."

ஒயர் சேர்ந்தபின் ரெக்கார்டருக்குக் கரண்ட். கேமராவுக்கு அடாப்டர் கிடையாது, அதன் சொந்த பேட்டரிதான். சுவரோடு உறவில்லாத பேட்டரியில் கசிவதற்கு ஒன்றுமில்லை. அப்புறம் டெஸ்டரை எடுத்து ஒயரின் வளையத்தில் வைத்துப் பார்ப்பார். சிவப்பு மினுக்கம் தெரியாவிட்டால்தான் அடுத்த வேலை. முதலில் ஒரு வேண்டாத கேசட்டைக் கேமராவில் ஓடவிட்டு, ரெக்கார்டரில் கொஞ்சம் பதிவு செய்து, திருப்பிப் போட்டுப் பார்ப்பார். படம் வருகிறது, சத்தம் வருகிறது என்று கண்ணால் கண்டபிறகே வாடிக்கையாளரின் கேசட் பெட்டியைவிட்டு வெளியே வரும். ஒவ்வொன்றையும் செய்யும்போது வாயால் சொல்லிக்கொண்டே செய்வார். சத்தம் போட்டு அல்ல. தனக்குத்தானே, நிதானமாக. பக்கத்தில் நிற்பவருக்கும் அது பாடமாகிவிடும்.

ஒருமுறை மேல்மலையனூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்ததும் மண்டபத்திலேயே டிவியில் போட்டுக் காட்டவேண்டும் என்று மாப்பிள்ளையின் சித்தப்பா பிடிவாதம் பிடித்தார். வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. விளக்குகள் ஏறி இறங்கி எரிந்தன. அக்கா டெஸ்டரை வைத்துப் பார்த்தார். சிவப்பு மினுங்கியது.

"இங்க வேணாங்க. நாளைக்கு உங்க வூட்டுக்கே வந்து போட்டுக் காட்டுறேன்."

"இன்னாம்மா, எல்லாம் கூடி நிக்கிறாங்க. சொருகு, ஒண்ணும் ஆவாது."

"ஆவாதுன்னு நீங்க சொல்றீங்க. ஆச்சுன்னா தாலி கட்டுனது மறுபடி எடுக்க முடியாதே அண்ணா."

அவர் முகம் சுருங்கியது. அப்புறம் சிரித்துவிட்டார். அக்காவின் பேச்சில் மறுப்பு இருக்கும், அவமதிப்பு இருக்காது. மறுநாள் சொன்னபடி போனோம். சமண வழக்கப்படி நான் சூரியன் மறைவதற்குள் சாப்பிடுகிறவன் என்பதால், "வெளிச்சத்துலயே எலயப் போட்டுடுங்க, நம்ம தம்பிக்கு" என்று அந்த வீட்டுப் பெண்களிடம் சொல்லிவைத்திருந்தார். இதுவும் அவருடைய வேலைமுறையில் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும்.

இனி, அந்தப் பெண் குழந்தையின் விஷயம்.

கல்யாணம் இல்லாத ஒரு கோடை மாதம். வெயில் உச்சியில் இருந்த நேரத்தில் ஒரு புருஷனும் பெண்சாதியும் கடைக்குள் வந்தார்கள். தளவானூரில் இருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். ஏழுமலை, அஞ்சலை என்று பெயர். பயிர் செய்கிறவர்கள். அக்கா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு அஞ்சலைதான் வாயைத் திறந்தாள்.

"கல்யாணம் காட்சி இல்லம்மா. எம் பொண்ணுக்கு ஒண்ணு வருது. அத படம் புடிக்கணும்."

மகள் பெயர் செல்வி. ஆரம்பப் பள்ளியில் படிக்கிற குழந்தை. உட்கார்ந்திருப்பாள், திடீரென்று சிரிப்பாள். யார் கூப்பிட்டாலும் கேட்காது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். சிரித்ததே அவளுக்குத் தெரியாது. வகுப்பில் திமிரில் சிரிக்கிறாள் என்று வெளியே நிறுத்தினார்கள். பிறகு பள்ளிக்கே அனுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் பேய் என்றார்கள், வேப்பிலை அடித்தார்கள். கடைசியில் பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். நரம்பு டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை, அந்த நேரத்தில் அது வரவில்லையே.

"எப்பிடி வருதுன்னு டாக்டரு கேக்குறாரு. நான் ஒண்ணு சொல்றேன், இவரு ஒண்ணு சொல்றாரு," என்றாள் அஞ்சலை. "நான் ஒரு தடவ கண்ணால பாத்தா போதும்மான்றாரு. அவரும் சீக்கிரத்துல வெளிநாட்டுக்குப் போறாராம். வர்ற பொதங்கிழம அவருக்குக் கடேசி ஓபி."

ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். "பேட்டரி ரொம்ப நேரம் தாங்காதுக்கா" என்று மட்டும் சொன்னேன். பழைய பேட்டரி. சார்ஜ் ரொப்பினாலும் சீக்கிரம் இறங்கிவிடும். புதிது சவுதியிலிருந்து வரவேண்டும்.

"எப்ப வரும்னு உங்களுக்கு தெரியுமா?" என்று அஞ்சலையைக் கேட்டார்.

"மத்தியானம் தூங்கி எழுந்ததும் அடிக்கடி வரும். வர்றதுக்கு முன்னாடி பாவாட நுனியப் புடிச்சு இழுப்பா. எனக்குத் தெரிஞ்சுடும்."

மறுநாளிலிருந்து நாங்கள் தளவானூர் போனோம். குடைவரைக் கோயில் இருக்கும் பாறைக்குப் போகிற வழியில் அவர்கள் வீடு. கேமராவைக் கண்டதும் தெருவே கூடிவிட்டது. பேய் பிடித்த பெண்ணைப் படம் எடுக்க வந்திருக்கிறார்கள் என்று ஒருவர் சத்தமாகச் சொன்னார். அக்கா வாசலில் நின்று, "புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல. டாக்டரு பாக்கறதுக்குப் படம் எடுக்குறோம். உங்க வூட்டுப் புள்ளைன்னா கூட்டம் போடுவீங்களா?" என்று கேட்டார். கேட்ட குரலில் கோபம் இல்லை. ஒவ்வொருவராக நகர்ந்தார்கள்.

உள்ளே போனதும் செல்வியிடம் முழங்காலிட்டு உட்கார்ந்தார். "உன்ன படம் எடுக்கட்டுமா?" என்று கேட்டார். அந்தக் குழந்தையை யாரும் எதையும் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். அம்மாவைப் பார்த்துவிட்டு, "எடுங்க" என்றாள்.

முதல் நாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பேட்டரியை வீணாக்கமுடியாது என்பதால் கேமராவை அணைத்து வைத்துக்கொண்டு, பொத்தான்மேல் விரலை வைத்தபடி அக்கா சுவரோரம் உட்கார்ந்திருப்பார். ஓடு வேய்ந்த வீடு, காற்றே இல்லை. வேர்வை கண்ணில் இறங்கினாலும் துடைக்கமாட்டார். நான் கதவைத் திறந்து வெளிச்சத்தைச் சரிசெய்துகொண்டு நிற்பேன்.

அதற்கு அடுத்த நாள், தூங்கி எழுந்த செல்வி தண்ணீர் குடித்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். கை பாவாடை நுனிக்குப் போனது.

"வருது," என்றாள் அஞ்சலை.

கேமரா ஓட ஆரம்பித்தது. செல்வி சிரித்தாள். அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அஞ்சலை ஓடிப்போய் மகளை அணைத்துக்கொள்ளப் பார்த்தாள். எப்போதும், பாவாடை நுனியைப் பிடித்ததுமே அப்படித்தான் செய்வாளாம். மகளின் முகத்தை யாரும் பார்க்காதபடி தன் மார்பில் புதைத்துக்கொள்வாளாம்.

"பக்கத்துல உக்காரும்மா, மூஞ்ச மறைக்காத," என்றார் அக்கா. "இன்னிக்கு ஒரு நாளு மட்டும்."

அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்து, கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, மறைக்காமல் இருந்தாள். அக்காவின் கை கொஞ்சமும் ஆடவில்லை. சிரிப்பு அடங்கி, குழந்தை மலங்க மலங்க விழித்து, "தண்ணி" என்று கேட்கும்வரை எடுத்தார். பிறகு கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். வேலியோரம் திரும்பி நின்றிருந்தார். நான் போகவில்லை. வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தார். "கேசட்டு தாழ தள்ளுனியா?" என்று கேட்டார். அதற்குமுன் அவர் என்னை வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். அன்றிலிருந்து நீ, வா.

அது செவ்வாய்க்கிழமை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பாண்டிச்சேரி போகவேண்டும். ஆஸ்பத்திரியில் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் அறையில் டிவியும் ரெக்கார்டரும் இருந்தன. பெரிய கேசட்தான் ஓடும். படத்தை அப்படியே நிறுத்திப் பார்க்கும் வசதி இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆக, அன்று மாலைக்குள் காப்பி எடுத்தாகவேண்டும். அஞ்சலையும் ஏழுமலையும் குழந்தையோடு எங்களுடனேயே செஞ்சிக்கு வந்துவிட்டார்கள்.

பேட்டரியைச் சார்ஜில் போட்டோம். வோல்டேஜ் இல்லை. சுற்றிலும் பம்ப்செட்டுகள் ஓடுகிற நேரம். பாதிதான் ஏறியிருக்கும். ஆனாலும் அக்கா தன் வழக்கத்தில் ஒன்றைக்கூட விடவில்லை. மோதிரம் கழன்றது, பிளக்குகள் மேசைமேல் வந்தன, இடது கை பின்னால் போனது. வேண்டாத கேசட்டில் சோதனையும் போட்டார். பேட்டரி அதில் கொஞ்சம் கரையும் என்று எனக்குத் தவிப்பு. அவர் வாயால் சொல்லிக்கொண்டிருந்தார். "படம் வருது. சத்தம் வருது. இப்ப செல்வியோடது."

பாய் தெரிந்தது. செல்வி தண்ணீர் குடித்தாள், உட்கார்ந்தாள், பாவாடை நுனியைப் பிடித்தாள். படம் நெளிந்தது. கேமராவின் சத்தம் இழுத்துக்கொண்டே போய் நின்றுவிட்டது. டிவியில் வெறும் புள்ளிகள்.

பேட்டரி செத்துவிட்டது. டாக்டர் பார்க்கவேண்டிய இடம் வருவதற்குச் சற்று முன்னால்.

"கேசட்டு உள்ள மாட்டிக்கிச்சாக்கா?" என்று கேட்டேன்.

"மாட்டல. டேப்பு சுத்தன எடத்துலயே நிக்குது. யாரும் தொடாதீங்க."

ஏழுமலை எழுந்துவிட்டார். அவ்வளவு நாளும் பேசாத மனிதர். "அம்மா, கறுப்பா ஒண்ணு வெச்சிருக்கீங்களே, அத சொவத்துல சொருகி ஓட்டக்கூடாதா? எங்க டிவிக்காரன் அப்பிடித்தாம்மா பண்றான்."

அக்கா மறுக்கவில்லை. அடாப்டரை எடுத்து, தனியாகச் சொருகி, அதன் நுனியில் டெஸ்டரை வைத்து ஏழுமலையிடம் காட்டினார். சிவப்பு மினுக்கம் நன்றாகவே தெரிந்தது.

"பாத்தீங்களா? ஒயரு முன்னாடியே சேந்திருந்தாலும், எங்கனா லூசா இருந்து இது போயி ரெக்கார்டர அடிச்சா, ரெக்கார்டரு போவும். போனாப் போவட்டும், நம்ம வூட்டு ரெக்கார்டருதான். ஆனா கேமராவும் சேந்து அடிபட்டுச்சுன்னா, இந்தச் சின்ன கேசட்ட போட்டுப் பாக்க இந்த ஊர்ல வேற மிஷினு இல்ல. செல்விக்கு வந்ததுக்கு இருக்கிற ஒரே சாட்சி அது."

ஏழுமலை மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா கேமராவின் அடியைத் திருப்பி, அதில் எழுதியிருந்ததைப் படித்தார். தெருவைப் பார்த்தார். எதிரே மருந்துக் கடை வைத்திருக்கும் தாஜுதீன் பாயின் மோட்டார் சைக்கிள் மாலை வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

"தரணி, இந்தக் கேமராவுக்கு ஆறு வோல்ட். பாய் வண்டி பேட்டரி எவ்ளோ?"

அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்களில் பல ஆறு வோல்ட்தான். "அதேதாங்கா," என்றேன்.

அக்கா வாசலுக்குப் போய்க் கூப்பிட்டார். "பாய்! உங்க வண்டி பேட்டரி கொஞ்ச நேரம் வேணும்."

"வண்டி வேணும்னா எடுத்துக்கினு போம்மா. சாவி இருக்குது."

"வண்டி வேணாம் பாய். பேட்டரி மட்டும்."

தாஜுதீன் பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்து, அக்காவின் முகத்தைப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. தானே ஸ்பேனர் எடுத்து வந்து பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். செல்வியைத் தன் கடைக்குள் உட்காரவைத்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டையும் பிரித்துக் கொடுத்தார்.

மிச்சம் என் வேலை. கேமராவின் செத்துப்போன பேட்டரி ஒன்று என்னிடம் கிடந்தது. அதன் கூட்டைத் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, வெறும் கூட்டின் இரண்டு முனையிலும் ஒயர் பற்றவைத்தேன். ஒன்றில் நடுவே ஃபியூஸ் கம்பி. எது கூட்டல், எது கழித்தல் என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன். அக்கா அதை வாங்கி மறுபடி பார்த்தார். "உன்மேல நம்பிக்க இல்லாம இல்ல. மாத்திக் குடுத்தா கேமரா செத்துடும். ரெண்டு பேரு பாக்கணும்." மூன்றாவதாக ஏழுமலையைக் கூப்பிட்டு, சிவப்பு ஒயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவரையும் பார்த்துச் சொல்லச் சொன்னார். தன் குழந்தையின் காரியத்தில் அவருக்கும் ஒரு கை வேண்டும் என்று நினைத்திருப்பார் போல. அவர் குனிந்து பார்த்து, "செவப்பு, கூட்டல் குறி கிட்ட" என்றார், சாட்சி சொல்வதுபோல.

மறுபடி முதலிலிருந்து. பிளக்கை உருவுதல், ஒயர், டெஸ்டர். மினுக்கம் இல்லை. வேண்டாத கேசட். படம், சத்தம். அதன்பிறகு செல்வி.

இந்தமுறை கேமரா சீராக ஓடியது. பாவாடை நுனி, சிரிப்பு, அதன் பிறகு தண்ணீர் கேட்பது வரை, எல்லாம் பெரிய கேசட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. அஞ்சலை டிவியைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றாள். சத்தம் மட்டும் அவள் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. முடிந்ததும் அக்கா பெரிய கேசட்டின் தாழையும் உடைத்தார். "ஆச்சும்மா, திரும்பு" என்றார்.

பாண்டிச்சேரிக்கு அக்காவும் நானும் கூடப் போனோம். டாக்டர் மெலிந்த மனிதர், மெல்லிய குரல். பாட அறையில் எங்களை உட்காரவைத்து, கேசட்டை ஓட்டினார். ஒருமுறை பார்த்தார். மறுபடி ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார். எழுந்து டிவியின் பக்கத்தில் போய் நின்றார்.

"இங்க பாருங்க. சிரிப்பு வர்றதுக்கு முன்னாடியே கண்ணும் தலையும் வலது பக்கம் திரும்புது. அப்புறம் வலது கை விரல் மடங்குது. இத யாரும் என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நான் எப்பவும் கட்டிப் புடிச்சுக்குவேங்க," என்றாள் அஞ்சலை. "கை எனக்குள்ளதான் இருக்கும்."

"இது பேயும் இல்ல, நடிப்பும் இல்ல. வலிப்புல இது ஒரு வகை. மூளையில எந்தப் பக்கத்துலருந்து வருதுன்னுகூட ஓரளவுக்கு இப்ப தெரியுது. மருந்து இருக்கு." பிறகு அக்காவிடம் திரும்பினார். "கேமரா ஆடவே இல்லையேம்மா. எப்படிங்க?"

அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "ஆடினா உங்களுக்குத் தெரியாதே டாக்டர்."

அப்போது பெஞ்சில் இருந்த செல்வி கேட்டாள். "எனக்குக் காட்டமாட்டீங்களா? நான் இன்னா பண்றேன்னு நானே பாத்ததில்ல."

அஞ்சலை வேண்டாம் என்று தலையாட்டினாள். டாக்டர் யோசித்தார். பிறகு அஞ்சலையிடம், "பாக்கட்டும்மா, அவ உடம்புதானே" என்று சொல்லி, மறுபடி ஓட்டினார்.

குழந்தை டிவிக்கு வெகு அருகில் போய் நின்று பார்த்தாள். அழவில்லை. முடிந்ததும் நிம்மதியாக, ஏதோ வழக்கில் ஜெயித்த மாதிரி அம்மாவிடம் சொன்னாள். "நான் சிரிக்கல பாரும்மா. கண்ணு சிரிக்கவே இல்ல."

மாத்திரை ஆரம்பித்தார்கள். உடனே நின்றுவிடவில்லை. அளவை மாற்றினார்கள், மருந்தை மாற்றினார்கள். மெல்ல மெல்லக் குறைந்தது. கேசட்டின் காப்பியைப் பெற்றவர்களின் சம்மதத்தோடு ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள், படிக்கிறவர்களுக்குக் காட்ட. டாக்டர் வெளிநாடு போவதற்கு முன் பள்ளிக்கு ஆள் அனுப்பிப் பேசினாராம். புதுப் பாடப் புத்தகம் வந்த சமயத்தில் செல்வியும் வகுப்புக்குப் போனாள்.

அதற்கு அடுத்த மல்லாட்டை அறுவடையின்போது அஞ்சலையும் செல்வியும் கடைக்கு வந்தார்கள். பச்சை மல்லாட்டை ஒரு மூட்டை. குழந்தை வளர்ந்திருந்தாள். கொஞ்சம் பேசிக்கொண்டிருந்துவிட்டு அஞ்சலை தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அந்தச் சின்ன கேசட்டு இங்க இருக்குதாம்மா?"

"இருக்குது. பெட்டியில பூட்டி வெச்சிருக்கேன்."

"அத அழிச்சுடலாமாம்மா? உங்கமேல சந்தேகம் இல்ல. ஆஸ்பத்திரியில இருக்கறது படிக்கிறவங்களுக்கு, அது வேற. இது இங்க எங்கியோ ஒரு எடத்துல இருக்குதுன்னு நெனச்சா, யாரு கண்ணுலனா பட்டுடுமோன்னு இருக்குது. நாளைக்கு இவளுக்கு ஒரு கல்யாணம்னு வந்தா..."

அக்கா செல்வியைப் பார்த்தார். "உன்னோடது அது. நீ சொல்லு."

"அழிச்சுடலாம்," என்றாள் செல்வி.

அக்கா கேசட்டைக் கொண்டுவந்தார். அத்தனை நாளும் மூடியிருந்த அந்தச் சின்னத் தாழைத் தன் நகத்தால் நகர்த்தித் திறந்தார். கேமராவில் போட்டு, அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அழிக்கணும்னா அதுமேல வேற ஒண்ணு புடிக்கணும். இன்னா புடிக்கிற?" என்று கேட்டு, கேமராவைச் செல்வியின் தோளில் வைத்தார். கனமாக இருந்திருக்கும். அடியில் நான் கை கொடுத்தேன்.

செல்வி கடையைச் சுற்றிப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"ஐயோ, என்னியா?" அஞ்சலை முந்தானையால் முகத்தை மூடினாள். "இன்னாடி இருக்குது எங்கிட்ட? தலகூட வாரல."

"மூஞ்ச மறைக்காதம்மா."

அஞ்சலை முந்தானையை இறக்கினாள். மல்லாட்டை மூட்டை பக்கத்தில், மர ஸ்டூலில், எங்கே பார்ப்பது என்று தெரியாமல், வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தாள். மகள் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். படம் தாறுமாறாக ஆடியது. அக்கா ஆடட்டும் என்று விட்டுவிட்டார். அழிக்கவேண்டிய இடம் எப்போதோ தாண்டிப் போய்விட்டது. செல்வி நிறுத்தவில்லை.